எத்தனையாம் நிலை, எந்தச் சரிவு, யாரோடு?

மார்கழி பிறந்தால் யாழ்ப்பாணத்து வீடுகளின் கைத்தொலைபேசிகளில் வெண்பனி கொட்டத் தொடங்கிவிடும். சுவிஸில் இருந்தும் நோர்வேயில் இருந்தும் கனடாவில் இருந்தும் படம் படமாக வரும். முன்பு வந்தவை வீட்டு வாசலில் பனிப்பொம்மை செய்து விளையாடிய குழந்தைகளின் படங்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள். இப்போது வருகிற படங்களில் பின்னால் வீடு இல்லை, தெரு இல்லை, மின்கம்பம் இல்லை. சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, கம்பிவண்டி போகாத முகடுகளுக்குத் தாங்களாகவே ஏறி நின்று சிரிக்கிறார்கள். நாங்கள் பதிலுக்கு, "நல்ல வடிவு பிள்ளை, கவனமாகப் போய் வா" என்று எழுதிவிட்டுப் படுத்துவிடுகிறோம்.

அது போதாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மலைக்குப் போகிற பிள்ளையிடம் பனிச்சரிவைப் பற்றி, அதாவது மலைச்சரிவில் படிந்த பனி ஒருமிக்கக் கழன்று இறங்கும் ஆபத்தைப் பற்றி, சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்த பெரியவர் ஒருவராவது ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்க வேண்டும். குடாநாட்டில் மலை இல்லை, வெண்பனி இல்லை, அதனால் எங்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று ஒதுங்கிவிட முடியாது. பிள்ளைகள் போகிற இடத்தின் ஆபத்தைப் படித்து அறிந்துகொள்ள மலையடிவாரத்தில் பிறந்திருக்கத் தேவையில்லை.

நான் வடமராட்சியில் நெடுங்காலம் புவியியல் படிப்பித்தவன். என் தங்கையின் குடும்பம் பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவளுடைய மகள், என் மருமகள், தாதியாக வேலை செய்கிறாள். விடுமுறை கிடைத்தால் கூட வேலை செய்கிறவர்களோடு மலைக்குப் போய்விடுவாள். ஒரு குளிர்காலத்தில் அவர்களோடு போய்த் தங்கியிருந்தபோது தங்கை என்னிடம் சொன்னாள்: "அண்ணை, சாப்பிட்டாளா, குளிர்ச் சட்டை போட்டாளா என்று கேட்கத்தான் எனக்குத் தெரியும். மற்றதை நீங்கள் படித்துச் சொல்லுங்கள்." அன்று தொடங்கிய படிப்பு இன்னும் முடியவில்லை.

பனிச்சரிவை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு விளங்கிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. வல்லிபுர ஆழ்வார் கோவிலைத் தாண்டி மணற்காட்டுப் பக்கம் போனவர்களுக்கு அங்குள்ள மணற்கும்பிகளைத் தெரியும். பழைய அந்தோனியார் கோவிலே பாதி மணலுக்குள் புதைந்து கிடக்கிற ஊர் அது. ஒரு கும்பியில் ஏறிப் பாருங்கள். காற்று வருகிற பக்கம் சாய்வாக, காலுக்கு இதமாக இருக்கும். மறுபக்கம் செங்குத்தாக இறங்கும். காற்று ஒரு பக்கத்து மணலை அள்ளி, முகட்டைத் தாண்டியதும் வேகம் தணிந்து மறுபக்கத்தில் போடுகிறது. காய்ந்த மணல் ஏறத்தாழ 34 பாகைச் சாய்வுக்கு மேல் நிற்காது. அதற்கு மேல் ஒரு பிடி சேர்ந்தாலும் வழிந்து இறங்கிவிடும்.

மலையிலும் காற்று இதே வேலையைத்தான் செய்கிறது. காற்றுப் படும் சரிவில் இருந்து வெண்பனியைச் சுரண்டி எடுத்து, முகட்டுக்கு அப்பால் காற்று மறைவான சரிவில் குவிக்கிறது. வானத்தில் இருந்து ஒரு சாண் பனி விழுந்திருந்தால், காற்று மறைவில் அது இடுப்பளவு சேர்ந்திருக்கலாம். அதனால்தான் "எவ்வளவு பனி கொட்டியது" என்று கேட்பவர்கள் "காற்று எந்தப் பக்கம் இருந்து அடித்தது" என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வாடைக் காற்றோடு மழை பெய்து ஓய்ந்த பிறகு அதே கும்பிக்குப் போனால் இன்னொன்றையும் பார்க்கலாம். மேல் மணல் நனைந்து இறுகி ஒரு தோலாக இருக்கும். உள்ளே காய்ந்த மணல். விளிம்பில் காலை வைத்தால் அந்தத் தோல் வெடித்துப் பாளம் பாளமாகப் பிரிந்து, உள்ளே கிடக்கிற காய்ந்த மணலின் மேல் வழுக்கிக்கொண்டு இறங்கும். மலையில் ஆட்களைக் கொல்கிற பனிச்சரிவு பெரும்பாலும் இந்த வகைதான். மேலே கட்டியான பாளம், அடியில் பிடிப்பில்லாத நொய்ந்த அடுக்கு. (மணற்காட்டுக் கும்பிகளின் அடியை இரவிரவாக வெட்டி ஏற்றிக்கொண்டு போகிறார்களே, அது வேறு ஒரு கட்டுரைக்கான கோபம். இங்கே விட்டுவிடுகிறேன்.)

ஆனால் பனிப் பாளம் மணலைப் போல உங்கள் காலடியில் மட்டும் உடைவதில்லை. ஒருவர் மிதித்த இடத்தில் நொய்ந்த அடுக்கு நொருங்கினால், அந்த நொருங்கல் பாளத்துக்கு அடியால் கண்ணுக்குத் தெரியாமல் நாலு பக்கமும் ஓடுகிறது. பிறகு ஆளுக்கு மேலே, பல மீற்றர் தள்ளி, சரிவுக்குக் குறுக்கே ஒரு கோடு விழுகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளது முழுவதும் ஒரே நேரத்தில் நகரும். ஆள் அதன் நடுவில் நிற்பார். சில வேளைகளில் கீழே சமதரையில் நடக்கிறவரின் மிதியே மேலே உள்ள சரிவைக் கழற்றிவிடும்.

எங்கள் கணக்கில் சொல்வதானால், பத்துப் பரப்புக் காணி அளவான ஒரு சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ 2,500 சதுர மீற்றர். அரை மீற்றர் தடிப்புள்ள பாளம் கழன்றால் 1,250 கன மீற்றர் பனி. காற்று அடித்து இறுக்கிய பனி ஒரு கன மீற்றர் 200 கிலோ என்று குறைத்துப் பிடித்தாலும் 250 தொன். மலை ஏறிப் பழகியவர்கள் இதைப் பெரிய பனிச்சரிவு என்று சொல்ல மாட்டார்கள்.

வேகத்தைச் சொல்லத் தேவையில்லை. சறுக்கித் தப்ப முடியாது என்பது போதும். அதைவிட முக்கியமான செய்தி வேறு. பனிச்சரிவில் அகப்படுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேரளவில், தாங்களோ தங்கள் குழுவில் ஒருவரோ கழற்றிவிட்ட பனியில்தான் அகப்படுகிறார்கள். மலை தானாக வந்து விழுந்தது என்று ஊரில் கதைக்கிறோம். அப்படியும் நடக்கும், 1999 பெப்ரவரியில் ஒஸ்திரியாவின் கல்த்தூர் கிராமத்தில் வீடுகளுக்குள் இருந்தவர்களும் தெருவில் நின்றவர்களுமாக 31 பேர் இறந்தார்கள். அதே மாதத்தில் சுவிஸின் எவொலென்னில் 12 பேர். ஆனால் எங்கள் பிள்ளைகள் போகிற வகைப் பயணத்தில் சரிவைக் கழற்றுவது பெரும்பாலும் மனிதரின் பாரமே. அதில் எனக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. எங்கே போவது, எங்கே போகாமல் விடுவது என்பது ஆட்களின் கையில் இருக்கிறது.

நொய்ந்த அடுக்கு எப்படி உண்டாகிறது என்பதை நான் கையில் தொட்டுப் பார்த்தேன். மருமகள் சேர்ந்திருந்த பயிற்சி வகுப்புக்கு நானும் கூடப் போயிருந்தேன். பயிற்சி கொடுத்த அம்மையார் சாய்வு குறைந்த, மேலே செங்குத்துச் சரிவு எதுவும் இல்லாத ஓரிடத்தைத் தெரிந்து, சவலால் நெஞ்சளவு குழி வெட்டினார். குழியின் மேற்சுவரைச் சவலால் சீவி நேராக்கினார். வெள்ளையாக, ஒரே மாதிரி இருந்தது. "விரலால் தொடுங்கள்" என்றார். மேலே முஷ்டி முழுவதும் உள்ளே போயிற்று. அதற்குக் கீழே நாலு விரல் மட்டும் போயிற்று. இன்னும் கீழே ஒரு விரல். பிறகு விரலே போகவில்லை, பென்சில்தான் போயிற்று. அதற்கும் கீழே, நிலத்துக்குக் கிட்ட, திடீரென்று முஷ்டி மறுபடியும் முழுவதாக உள்ளே போயிற்று. கண் பார்த்த ஒற்றை வெள்ளைக்குள் கை ஐந்து அடுக்கை எண்ணியது.

பிறகு 90 சென்ரிமீற்றர் அகலம், 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு தூணைப் பின்பக்கமும் பக்கவாட்டிலும் அறுத்துத் தனியாக்கினார். அதன் ஒரு முனையில் சவலைக் கவிழ்த்து வைத்துக் கையால் தட்டத் தொடங்கினார். முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு. பிறகு முழங்கையில் இருந்து பத்து. கடைசியாகத் தோளில் இருந்து பத்து. தோளுக்கு வேலையே வரவில்லை. முழங்கைத் தட்டுத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, அந்தக் கீழ் அடுக்கில் தூணின் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை ஒரே வீச்சில் வெடிப்பு ஓடி, மேற்பாளம் முழுவதாக அவர் மடியை நோக்கி நழுவியது. வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. உடைந்த தளத்தில் இருந்து ஒரு சிட்டிகையைக் கறுப்புத் தகட்டில் போட்டு உருப்பெருக்கியைத் தந்தார். சில மில்லிமீற்றர் நீளமுள்ள, வரிவரியாகக் கோடு விழுந்த, உள்ளே குழிந்த படிகங்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டவே இல்லை. உள்ளங்கையில் ஊற்றினேன்; விரலிடுக்கால் வழிந்து போயின.

இவை மழைக்காலத்து வெள்ளம் போல ஒரு நாளில் வந்தவை என்று நினைத்துவிடக் கூடாது. பனிக்கு அடியில் நிலம் ஏறத்தாழ 0 பாகை செல்சியஸில் இருக்கும். மேலே தெளிந்த இரவில் -20 பாகைக்கும் இறங்கும். பனிப்போர்வை தடிப்பாக இருந்தால் இந்த வித்தியாசம் நீண்ட தூரத்தில் பரவிவிடும். போர்வை மெல்லியதாக இருந்தால், பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு பாகைக்கு மேல் வெப்பம் மாறும். அந்த நிலையில் கீழ்ப்பனியில் இருந்து நீராவி மேலே எழுந்து, உருண்டையான சிறு மணிகளைக் கரைத்து, மூலை வைத்த பெரிய படிகங்களாக மறுபடி கட்டுகிறது. வாரக்கணக்கில் இது நடக்கும். அதனால் தொடக்கத்தில் குறைவாகப் பனி பெய்து, பிறகு நெடுநாள் வெயிலும் குளிருமாக இருந்த ஆண்டுதான் உள்ளுக்குள் மிக மோசமான ஆண்டு. "இந்த முறை ஸ்னோ குறைவு, பயமில்லை" என்று தொலைபேசியில் சொல்கிறார்கள். குறைவான பனியின் மேல் தை மாதத்தில் ஒரு பெரும் பொழிவு வந்து உட்காரும்போது என்ன நடக்கும் என்பதை அந்தத் தூண் எனக்குக் காட்டிவிட்டது.

அந்த அம்மையார் இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். ஒரு குழி அந்த இடத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். முப்பது அடி தள்ளினால் வேறு கதை. குழியில் நல்ல விடை வந்தது என்பதற்காகச் செங்குத்துச் சரிவில் இறங்கக் கூடாது. கெட்ட விடை வந்தால் மட்டும் அப்படியே நம்ப வேண்டும். கண்ணாலும் காதாலும் கிடைக்கிற அடையாளங்கள் குழியைவிட நேர்மையானவை: பக்கத்து மலைச்சரிவில் புதிதாக விழுந்த பனிச்சரிவு, காலடியில் இருந்து விரிந்து ஓடும் வெடிப்பு, மிதிக்கும்போது பனி முழுவதும் ஒருமிக்கத் தாழ்ந்து "வூம்" என்று ஆழத்தில் எழும் ஓசை. அந்த ஓசையைக் கேட்டவர் 30 பாகைக்கு மேல் சாய்ந்த எந்த நிலத்துக்கும் அன்று போகக் கூடாது.

இனி, யாழ்ப்பாணத்தில் இருக்கிற நாங்கள் செய்யக்கூடிய காரியத்துக்கு வருகிறேன். சுவிஸின் டாவோஸ் நகரத்தில் பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று இருக்கிறது. 1930களில் வைஸ்ஃப்ளூயோக் முகட்டில் தொடங்கிய ஆய்வுகள் 1942இல் நிறுவனமாக வளர்ந்தன. அங்கிருந்து குளிர்காலம் முழுவதும் பனிச்சரிவு அறிக்கை வெளியாகிறது. மாலை 5 மணிக்கு ஒன்று. மறுநாள் காலை 8 மணிக்குத் திருத்தம். எங்கள் நேரத்தில் முதலாவது இரவு ஒன்பதரை. செய்தி பார்த்து, சாப்பாடு முடிந்து, கையில் தொலைபேசி இருக்கிற நேரம். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் கிடைக்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவற்றில் குறைந்தது இரண்டு மொழியாவது தெரியும். பெரியவர்களில் பலருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும்.

அறிக்கையில் ஆபத்து ஐந்து நிலைகளாகச் சொல்லப்படுகிறது. 1993இல் இருந்து ஐரோப்பா முழுவதற்கும் ஒரே அளவுகோல்: ஒன்று குறைவு, இரண்டு மிதமானது, மூன்று கணிசமானது, நான்கு அதிகம், ஐந்து மிக அதிகம். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. ஐந்தில் மூன்று என்றால் நடுவில், பரவாயில்லை என்று மனம் கணக்குப் போடுகிறது. இந்த அளவுகோல் சமமான படிகளால் ஆனதில்லை. ஒவ்வொரு நிலைக்கும் ஆபத்து பல மடங்காகப் பெருகுகிறது. ஐந்தாம் நிலை மிக அரிது. 1999 பெப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் வந்தது போல, ஊர்களே துண்டிக்கப்படும் நாட்களுக்கானது. அப்போது எவரும் மலைக்குப் போவதில்லை. நான்கிலும் பெரும்பாலானோர் போவதில்லை. மூன்றாம் நிலையிலோ வானம் நீலமாக, புதுப்பனி பளபளவென்று இருக்கும். சுவிஸில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மூன்றாம் நிலை நாட்களில் இறக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போகிற நாட்டில் அது சிறிய கணக்கில்லை.

இலக்கத்தோடு நின்றுவிடவும் கூடாது. 2022ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இருந்து சுவிஸ் அறிக்கையில் இலக்கத்துக்குப் பக்கத்தில் சக (+), சய (-), சமன் (=) குறிகள் போடுகிறார்கள். மூன்று சக என்றால் நான்கின் வாசலில் நிற்கிறது என்று பொருள். அதற்குக் கீழே ஒரு சிறு திசை வட்டத்தில் சில பக்கங்கள் கறுப்பாக நிரப்பப்பட்டிருக்கும். வடக்கு, வடகிழக்கு, 2,200 மீற்றருக்கு மேல் என்று இருந்தால், ஆபத்து முக்கியமாக அங்கே. காரணத்தையும் எழுதியிருப்பார்கள்: புதுப்பனியா, காற்று குவித்த பனியா, ஆழத்து நொய்ந்த அடுக்கா, ஈரப்பனியா, நிலத்தோடு வழுக்கும் பனியா. ஈரப்பனி என்றால் வெயில் ஏற முன்னர் திரும்பிவிட வேண்டும். ஆழத்து அடுக்கு என்றால் காலையென்ன மாலையென்ன, அது வாரக்கணக்கில் காத்துக்கொண்டிருக்கும். முதலில் போன பத்துப் பேர் தாண்டிய சரிவு பதினோராவது ஆளோடு கழலலாம்.

சுவிஸ் மலைவழிகாட்டி வெர்னர் முன்ரர் பல ஆண்டுகளுக்கு முன் வகுத்த எளிய விதி ஒன்று என் மேசையில் எழுதி ஒட்டியிருக்கிறது. இரண்டாம் நிலையில் 40 பாகைக்குக் குறைந்த சரிவு. மூன்றாம் நிலையில் 35 பாகைக்குக் குறைந்தது. நான்கில் 30 பாகைக்குக் குறைந்தது. இதை மட்டும் வைத்து மலை ஏறலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்து கேள்வி கேட்பதற்கு இது நல்ல பிடி. சுவிஸ் அரச நிலப்படத்தில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளை மஞ்சளில் தொடங்கிச் செம்மஞ்சள், சிவப்பு, ஊதா என்று நிறம் தீட்டிக் காட்டும் வசதி இலவசமாகவே இருக்கிறது. மருமகள் தன் பாதையை அதில் கீறி அனுப்பச் சொன்னேன். பாதை மஞ்சளைத் தொடாமல் போகிறதா என்று மட்டும் பார்க்க மாட்டேன். பாதைக்கு மேலே சிவப்பு இருக்கிறதா என்றும் பார்ப்பேன். மேலே இருப்பது கீழேதான் வரும்.

இப்போது எங்கள் உரையாடல் இப்படி நடக்கிறது. "மாமா, நாளைக்கு மூன்று சமன். வடக்கும் கிழக்கும், 2,200க்கு மேலே. நாங்கள் தெற்குப் பக்கம், 30 பாகைக்குள்ளேயே போகிறோம்." "எத்தனை பேர் பிள்ளை?" "நாலு பேர். எல்லோரிடமும் தேடும் கருவி இருக்கிறது." பத்து நிமிடம்கூட ஆகாது. அவளுக்கு நான் கேட்பது தொந்தரவாகத் தெரியவில்லை. யாருக்காவது விளங்கப்படுத்திச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே திட்டத்தை இன்னொரு முறை பார்ப்பதாகச் சொல்கிறாள்.

ஒருநாள் அவள் சொன்னது எனக்குப் பல இரவுகள் நித்திரையைக் கெடுத்தது. "எல்லோரும் ஐந்து வயதில் இருந்தே சறுக்குகிறவர்கள், மாமா. நான் இருபத்திரண்டில் தொடங்கியவள். அவர்கள் போகலாம் என்னும்போது நான் எப்படி வேண்டாம் என்று சொல்வது?" புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளை ஒன்று மலைக் குழுவில் என்ன பாரத்தைச் சுமந்துகொண்டு நடக்கிறது என்பது அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. தாய்தகப்பனுக்குச் சறுக்கத் தெரியாது. ஊர் விளையாட்டு இல்லை. ஏற்றுக்கொண்டார்கள் என்ற மகிழ்ச்சி. அதைக் கெடுக்கக் கூடாது என்ற கூச்சம்.

இந்தக் கூச்சம் ஆளைக் கொல்லும். அமெரிக்க ஆய்வாளர் இயன் மக்கமன் அந்நாட்டின் 700க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளைப் பரிசீலித்து, பனியைப் பற்றி நன்றாகப் படித்தவர்களும் ஏன் அகப்படுகிறார்கள் என்று எழுதினார். பழகிய சரிவு என்ற நம்பிக்கை, மற்றவர்கள் மெச்ச வேண்டும் என்ற ஆசை, போட்ட திட்டத்தை மாற்ற மனமில்லாமை, குழுவில் ஒருவரைக் கெட்டிக்காரர் என்று நம்பி மூளையை ஒப்படைத்துவிடுவது, யாரும் தடம் பதிக்காத பனியில் தான் முதலில் இறங்க வேண்டும் என்ற அவசரம், பக்கத்தில் வேறு ஆட்கள் போகிறார்களே என்ற துணிவு. இந்த ஆறும் எந்த ஊர் மனிதருக்கும் உள்ளவை. எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாவதும் நான்காவதும் இரட்டிப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன். பெரியவர்களுக்கு எதிர்த்துப் பேசாதே, போன இடத்தில் அடங்கி நட என்று வளர்த்தவர்கள் நாங்களே. மலைக்கு அந்த வளர்ப்பு உதவாது. நல்ல குழுவில் ஒருவர் "எனக்குச் சரியாகப் படவில்லை" என்றால் காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்புவார்கள். அப்படித் திரும்பாத குழுவோடு இரண்டாம் முறை போகாதே என்று மருமகளிடம் சொன்னேன். அவள் ஒரு குழுவை விட்டும்விட்டாள்.

புதைந்தால் என்ன என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். 2016 பெப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் படைப்பிரிவுச் சிப்பாய்கள் பத்துப் பேர் பனிக்குள் புதைந்த செய்தியைத் தமிழ்த் தொலைக்காட்சிகளில் பார்த்தது பலருக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஆறாம் நாள் ஒருவரை உயிரோடு எடுத்தார்கள். சில நாட்களில் மருத்துவமனையில் அவரும் இறந்துபோனார். அந்தச் செய்தி எங்கள் ஆட்களின் மனதில் ஒரு தவறான நம்பிக்கையை விட்டுப் போயிருக்கிறது: பனிக்குள் நாட்கணக்கில் இருக்கலாம், ஹெலிகொப்டர் வந்து எடுத்துவிடும் என்று. அது அரிதிலும் அரிது. 1994இல் வெளியான சுவிஸ் தரவுகளின் ஆய்வு, முழுவதும் புதைந்தவர்களில் 15 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டால் 92 சதவீதமானோர் பிழைக்கிறார்கள், 35 நிமிடமானால் 30 சதவீதமானோரே பிழைக்கிறார்கள் என்று காட்டியது. 2024இல் வந்த புதிய ஆய்வு அந்த முதல் எல்லையையும் 10 நிமிடமாகக் குறைத்துவிட்டது. ஓடும்போது இளகி இருந்த பனி, நின்ற கணத்தில் இறுகிவிடும். விரலை அசைக்க முடியாது. பெரும்பாலானோர் குளிரால் இறப்பதில்லை. மூச்சு முட்டி இறக்கிறார்கள்.

பத்து நிமிடத்தில் எந்த ஹெலிகொப்டரும் வந்து சேராது. பக்கத்தில் நிற்கிற நண்பர்தான் எடுக்க வேண்டும். அதற்கு மூன்று பொருட்கள் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். 457 கிலோஹேர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பவும் தேடவும் கூடிய கருவி, மடித்து விரிக்கும் நீண்ட துழாவுகோல், உலோகச் சவல். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டாலும் பயனில்லை. கருவியை முதுகுப்பைக்குள் வைக்கக் கூடாது, உடம்போடு கட்டியிருக்க வேண்டும். வீட்டு வாசலில் இருந்தே இயக்கியிருக்க வேண்டும். கைத்தொலைபேசி அதற்கு 20 சென்ரிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும், தேடும்போது 50. காற்றுப்பை வைத்த முதுகுப்பையும் விற்கிறார்கள். அது பனியின் மேற்பரப்பில் ஆளை வைத்திருக்க உதவும், ஆனால் பாறையில் மோதுவதைத் தடுக்காது.

எங்கள் வீடுகளில் பிள்ளை இருபத்தொரு வயதாகிவிட்டால் சங்கிலி செய்து போடுகிறோம். மலைக்குப் போகிற பிள்ளைக்கு இந்த மூன்றையும் வாங்கிக் கொடுங்கள். சங்கிலியைவிட விலை குறைவு. கூடவே பயிற்சி வகுப்புக்கும் பணம் கட்டுங்கள். தேடிப் பழகாதவர் கையில் அந்தக் கருவி வெறும் மின்பொறி. பேர்ணில் ஒரு பூங்காவில் மருமகளும் அவளுடைய நண்பர்களும் கருவியொன்றைப் பையில் போட்டுப் பனிக்குள் புதைத்துவிட்டுத் தேடிப் பழகினார்கள். கருவியின் எண்கள் இறங்க இறங்க அவள் குனிந்தாள். கடைசியில் முழங்காலில் நகர்ந்தாள். துழாவுகோலைச் சரிவுக்குச் செங்குத்தாகக் குத்தி, பட்டதும் அதை அங்கேயே விட்டுவிட்டு, சற்றுக் கீழே போய் நின்று தோண்டத் தொடங்கினாள். தோண்டுவதுதான் நேரம் தின்கிறது. ஒருவர் முன்னால் வெட்ட, பின்னால் நிற்பவர் பனியைத் தள்ள, நிமிடத்துக்கொரு முறை ஆள் மாறினார்கள். மேலிருந்து நேரே தோண்டினால் புதைந்தவரின் மேலேயே நின்று மிதிக்க நேரும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நோர்வேயில் இருப்பவர்களுக்கு: வடக்கே ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளுக்கு வந்து வேரூன்றிய எங்கள் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று துரொம்சோ, லிங்கன் மலைகளில் ஏறுகிறார்கள். அங்கே 'வார்சொம்' என்ற அரச இணையதளத்தில் அறிக்கை நோர்வேஜியன் மொழியிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. கடலோரம் வரை செங்குத்தாக இறங்கும் மலைகள், மணிக்கொரு திசையில் மாறும் காற்று. 1986 மார்ச்சில் வாஸ்டாலனில் பயிற்சியில் இருந்த 16 சிப்பாய்கள் ஒரே பனிச்சரிவில் இறந்த நாடு அது.

கனடாவில் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் ரொறன்ரோவில். அங்கே மலை இல்லை. ஆனால் விடுமுறைக்குப் பான்ஃபுக்கும் விஸ்லருக்கும் பறக்கிற இளைஞர்கள் கூடிவருகிறார்கள். 2003 பெப்ரவரியில் றோஜர்ஸ் கணவாய்ப் பக்கத்தில் ஏழு பாடசாலை மாணவர்கள் பனிச்சரிவில் இறந்த துயரத்துக்குப் பிறகு, 2004இல் நாடு தழுவிய எச்சரிக்கை மையம் ஒன்று உருவானது. இன்று 'அவலாஞ்ச் கனடா' என்ற பெயரில் நாள்தோறும் அறிக்கை தருகிறது. பாதைகளையே எளியவை, சவாலானவை, சிக்கலானவை என்றெல்லாம் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். மலை புதிதான ஒருவர் மூன்றாம் நிலை நாளில் எளிய பாதைக்கு வெளியே போகக் காரணமே இல்லை.

இங்கிருந்து பார்க்கப் போகிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. தித்லிஸ், யுங்ஃப்ரௌயோக் என்று கம்பிவண்டியிலும் ரயிலிலும் ஏறிப் போகிற இடங்களில், வேலிக்குள்ளும் குறியிட்ட பாதைகளிலும் இருக்கிற வரை அந்தந்த இடத்துப் பாதுகாப்புப் பிரிவினர் உங்களுக்காகக் காலையிலேயே சரிவுகளைப் பார்த்திருப்பார்கள். தேவையானால் வெடிவைத்து இறக்கியும் இருப்பார்கள். படம் எடுப்பதற்காகக் கயிற்றைத் தாண்டி நாலடி வைத்தால் அந்தப் பாதுகாப்பு அத்தோடு முடிந்தது. முகட்டின் விளிம்பில் காற்று கட்டிவைத்த பனித்தாழ்வாரம் வெளியே நீண்டு நிற்கும். அதன் கீழே பாறை இருக்காது. மேலே நிற்பவருக்கு அது தெரியவும் தெரியாது. குளிர்கால நடைபாதைகளில் மஞ்சளும் கறுப்புமாகத் தடுப்புப் பலகை போட்டிருந்தால், அன்று வெயில் எவ்வளவு வடிவாக எறித்தாலும், மொழி விளங்காவிட்டாலும், திரும்பி வந்து தேநீர் குடியுங்கள். விபத்தைக் கண்டால் ஐரோப்பாவில் 112, சுவிஸில் மலை மீட்பு ஹெலிகொப்டருக்கு 1414, கனடாவில் 911. இவற்றை விமானம் ஏற முன்னர் தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.